கோர்ஸ்: தொடுகையிலிருந்து தரத்துக்கு

1

‘கோர்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் எப்படிச் சொல்வது? மானாவாரி விவசாயம் பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்றைத் துண்டறிக்கையாகச் சுருக்கித் தரும்படி இயக்கத் தோழர் ஒருவர் கேட்டிருந்தார். அறிக்கையில் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை ‘கோர்ஸ் கிரெய்ன்ஸ்’ வந்துகொண்டிருந்தது. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர். ‘சிறுதானியம்’ என்று போட்டால் என்ன என்று பேச்சு வந்தது. தோழர் கேட்டார்: “கோர்ஸ்னா கரடுமுரடுன்னுல்லா அர்த்தம்? சிறுசுன்னு எப்படிப் போட முடியும்?” நியாயமான கேள்வி. ஒரே தானியத்தை ஒரு மொழி சிறியது என்கிறது, இன்னொரு மொழி முரடு என்கிறது. இரண்டும் கண்ணும் கையும் அறியக்கூடிய குணங்கள். அப்படியானால் இரண்டில் எதையாவது ஒன்றைக் கை பொய் என்று சொல்லியாக வேண்டும்.

அகராதிகளைப் புரட்டினால் இந்தச் சொல்லுக்கு நேரே ஒரு வரிசை கிடைக்கும்: சொரசொரப்பான, பருமனான, முரட்டுத்தனமான, மட்டரகமான, கொச்சையான, ஆபாசமான. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி. அவசரத்தில் படிக்கிறவருக்கு இவை ஒரே பொருளின் பல சாயல்கள். நிதானமாகப் படித்தால் முதல் இரண்டும் விரல் சொல்வது, மற்றவை வேறு யாரோ சொல்வது என்று தெரியும். விரலுக்கு மட்டரகம் தெரியாது. ‘பருமனான’ என்பதற்கும் ‘மட்டரகமான’ என்பதற்கும் இடையிலுள்ள காற்புள்ளியில் ஒரு தீர்ப்பு சத்தமில்லாமல் சொல்லப்பட்டுவிடுகிறது. தீர்ப்புச் சொன்னவர் யார், எந்தச் சாட்சியத்தின் பேரில் சொன்னார் என்கிற விவரம் அகராதியில் இருப்பதில்லை.

இந்தக் கேள்வியைத் திருவேங்கடத்தில் இருந்துகொண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கிடக்கிற கரிசல் ஊர். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். கம்பும் சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைந்த மண். இந்த மண்ணில் விளைந்ததைத் தின்று, உடுத்தி, பேசி வாழ்ந்தவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால், அவர்களுடைய தானியம், துணி, பேச்சு ஆகிய மூன்றின் முன்பும் ‘கோர்ஸ்’ என்ற அடைமொழி வந்து நின்றுகொள்ளும். மூன்றும் மூன்று வேறு பொருள்கள். தானியத்தை வாய் அறியும், துணியைத் தோல் அறியும், பேச்சைக் காது அறியும். இத்தனை வேறுபட்ட புலன்களுக்கு ஒரே அடைமொழி பொருந்துகிறதென்றால் அது புலன் சார்ந்த சொல்தானா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் சொல்லின் நேர்ப் பயன்பாடு. ஆங்கிலத்தில் ‘ரஃப்’ வேறு, ‘கோர்ஸ்’ வேறு. ‘ரஃப்’ மேற்பரப்பைப் பற்றியது. கையை ஓட்டினால் தட்டும், இடறும். அதற்கு எதிர்ச்சொல் ‘ஸ்மூத்’. ‘கோர்ஸ்’ உள்ளமைப்பைப் பற்றியது. ஒரு பொருள் எவ்வளவு பெரிய துகள்களால் அல்லது எவ்வளவு தடித்த இழைகளால் ஆகியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதற்கு எதிர்ச்சொல் ‘ஃபைன்’. இழைக்காத பலகை ‘ரஃப்’, ஆனால் ‘கோர்ஸ்’ அல்ல. கல்லுப்பு ‘கோர்ஸ்’, தூள் உப்பு ‘ஃபைன்’. ஒரு கல்லுப்பைத் தனியே எடுத்துத் தடவினால் அது வழவழப்பாகவே இருக்கலாம். அதனாலெல்லாம் அதன் பெயர் மாறாது.

இந்த வேறுபாடு தமிழில் இல்லாமல் இல்லை. ஆனால் தமிழில் இதற்கென்று ஒரு பொதுச் சொல் இல்லை. தொழிலுக்கு ஒரு சொல் இருக்கிறது. அரிசிக் கடையில் ‘மோட்டா’, ‘சன்னம்’. துணிக் கடையில் ‘காடா’, ‘மல்’. உரலில் ‘ஒண்ணு ரெண்டா இடி’ என்றால் ஒரு பதம், ‘ரவையா உடை’ என்றால் இன்னொரு பதம், ‘குருணை’ என்றால் மூன்றாவது. சட்டினிக்குக் ‘கொரகொரன்னு’ அரைக்கச் சொல்வார்கள். அதே கொரகொரப்பு இட்லிக்கு உளுந்து அரைக்கும்போது குற்றம். அதாவது பெரிய துகள் என்பது நல்லதா கெட்டதா என்பதை அந்தந்த வேலை முடிவு செய்கிறது. கல்லில் மாவை விரலால் தொட்டுப் பார்த்து “இன்னும் நறநறங்குது, இன்னொரு சுத்து விடு” என்று சொல்கிற பெண் மாவைத் திட்டவில்லை. பதத்தைச் சொல்கிறாள்.

தீப்பெட்டி ஆபீசில் இது இன்னும் தெளிவு. பெட்டியின் பக்கத்தில் பூசுகிற மருந்தில் சிவப்பு பாஸ்பரசோடு கண்ணாடித் தூளும் சேர்கிறது. உரசல் வேண்டும் என்பதற்காகவே சேர்க்கிறார்கள். வழவழப்பான பெட்டி செல்லாத பெட்டி. சொரசொரப்பு அங்கே சரக்கின் தரம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கோர்ஸ்’ தமிழ் நாவில் ஏறவே இல்லை. ‘ரஃப்’ ஏறிவிட்டது: ரஃப் நோட்டு, ரஃபா பேசுறான். ‘நைஸ்’ அதைவிட நன்றாக ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்றால் இனிமையானது, நல்லது. தமிழ்ச் சமையலறையில் ‘நைஸா அரை’ என்றால் மைபோல அரை என்று பொருள். துணிக்கடையில் ‘நைஸ் துணி’ என்றால் மெல்லிய துணி. ஆங்கிலம் நம்மிடம் கொடுத்த ஒரு பொத்தாம்பொதுவான பாராட்டுச் சொல்லை நம் பெண்கள் தொடுகைச் சொல்லாக மாற்றி வேலை வாங்கியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. ‘நைசாப் பேசி வாங்கிட்டான்’, ‘நைசா நழுவிட்டான்’ என்கிறபோது அந்த வழவழப்பின் மீது ஒரு சந்தேகமும் ஏறிவிடுகிறது. ‘வழவழா கொழகொழா’ என்று பேசுகிறவனை யாரும் நம்புவதில்லை. ஆங்கிலச் சொல்லாட்சியில் மென்மைக்குக் கிடைத்த உயர்வு, தமிழ்ப் பேச்சு வழக்கில் அப்படியே கிடைத்துவிடவில்லை.

3

இனி வரலாறு. ‘கோர்ஸ்’ என்ற பெயரடை எங்கிருந்து வந்தது? சொற்பிறப்பு ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிற விளக்கம் இது: ‘போக்கு’, ‘வழக்கமான நடப்பு’ என்ற பொருளுடைய ‘கோர்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லே பெயரடையாகப் பயன்பட்டது. ‘ஆஃப் கோர்ஸ்’ என்பதில் இருப்பதும், ‘டிகிரி கோர்ஸ்’ என்பதில் இருப்பதும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் பின்னால் எழுத்தை மாற்றி இரண்டையும் பிரித்துவிட்டார்கள். உச்சரிப்பு பிரியவில்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் திரும்ப ஒன்றாகிவிடுகின்றன. எழுத்துக்கூட்டல் மறைத்ததை நம் எழுத்து காட்டிக்கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தப் பெயரடையின் பொருள் ‘சாதாரணமான’, ‘வழக்கமான’ என்பதே. துணியைப் பற்றியே அதிகம் பயன்பட்டது. அன்றாடம் உடுத்துகிற சாதாரணத் துணி. அந்தத் துணி தடித்த நூலால் நெய்யப்பட்டிருந்தது. ஆகவே ‘சாதாரணமான’ என்ற சொல் ‘தடித்த, முரடான’ என்று பொருள்பட ஆரம்பித்தது. 1500 வாக்கில் நாகரிகமற்ற நடத்தைக்கும், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஆபாசமான பேச்சுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த வரிசை முக்கியமானது. தொடுகைச் சொல் ஒன்று காலப்போக்கில் மனிதர்களுக்கும் உருவகமாக நீண்டது என்றுதான் பொதுவாக நினைப்போம். இங்கே நடந்தது அதன் தலைகீழ். முதலில் ‘சாதாரண ஆட்களுடையது’ என்ற சமூகப் பொருள். அதற்குப் பிறகுதான் தொடுகைப் பொருள். துணியைத் தொட்டுப் பார்த்து வைத்த பெயரல்ல, உடுத்தியவரைப் பார்த்து வைத்த பெயர். பிறகு அந்தப் பெயர் துணியின் குணமாக ஆகிவிட்டது. குறி என்பது வர்க்கங்கள் மோதுகிற களம் என்று வோலோஷினோவ் 1929இல் எழுதியதற்கு இதைவிட நேரான உதாரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சந்தேகப்படுகிறவர்களுக்கு இங்கிலாந்தின் மீன்பிடிப்பிலிருந்து ஒரு சாட்சி. அங்கே சால்மன், டிரவுட் இனங்கள் தவிர்ந்த நன்னீர் மீன்களுக்கெல்லாம் ‘கோர்ஸ் ஃபிஷ்’ என்று பெயர். செதில் முரடா, சதை முரடா என்று பார்த்து வைத்த பெயர் அல்ல இது. கனவான்கள் வேட்டையாடும் மீன் ஒருபக்கம், மற்றவர்கள் பிடிக்கும் மீன் மறுபக்கம். தூண்டில் யார் கையில் இருக்கிறது என்பதை வைத்து மீனுக்கு அடைமொழி.

4

இதே அடைமொழி நூலுக்கு வந்தபோது அது வரிக்கோடாகவே ஆனது. நூலின் நேர்த்தியைக் ‘கவுண்ட்’ கணக்கில் சொல்வார்கள். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அத்தனை கவுண்ட். எண் கூடக் கூட நூல் சன்னமாகும். சங்கரன்கோவில் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இது அளவை, இதில் ஏற்றத்தாழ்வு இல்லை. இருபதாம் நம்பர் நூலுக்கு ஒரு வேலை, நூறாம் நம்பர் நூலுக்கு வேறு வேலை.

1894இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதிப் பருத்திச் சரக்குக்கு 5 சதவீத வரி விதித்தபோது, லங்காஷயர் ஆலைகளுக்கு அதனால் நட்டம் வரக்கூடாது என்பதற்காக, இந்திய ஆலைகள் நூற்கும் 20 கவுண்டுக்கு மேற்பட்ட நூலுக்கும் அதே 5 சதவீத உள்நாட்டு வரியைப் போட்டது. முரட்டு நூலை நூற்றுக்கொள், உன்னை யாரும் கேட்கப்போவதில்லை. சன்ன நூலில் கைவைத்தால் வரி கட்டு என்பது இதன் சாரம். இந்திய நூல் இயல்பிலேயே ‘கோர்ஸ்’ என்று எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். 1896இல் நூலுக்கான வரியை நீக்கி, இந்திய ஆலைத் துணி அனைத்துக்கும் 3.5 சதவீதம் என்று மாற்றினார்கள். லங்காஷயரோடு போட்டியே போடாத ஏழைகளின் முரட்டுத் துணியும் இப்போது வரிக்குள் வந்தது. இந்த வரி ஒழிந்தது 1926இல். மெல்லியது எது, முரடு எது என்பதைத் தறி முடிவு செய்தது என்றால், யார் எதை நெய்யலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்தது. காடாத் துணி ஏழையின் ரசனை என்று சொல்வது இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது.

5

இப்போது தானியத்துக்கு வரலாம். தினையையோ கேழ்வரகையோ ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். அரிசியைவிடச் சிறியவை. உருண்டையானவை. விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடுபவை. இவற்றில் முரடு எங்கே இருக்கிறது? துகளின் பருமனை வைத்துத்தான் ‘கோர்ஸ்’ என்றால், இவற்றோடு பக்கத்தில் வைக்கும்போது அரிசியும் கோதுமையும்தான் ‘கோர்ஸ்’ ஆக வேண்டும். ‘சிறுதானியம்’ என்று தமிழ் சொன்னது கண்ணால் பார்த்துச் சொன்னது. ஆங்கிலம் தானியத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தது, தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தது.

தவிடோடு சேர்த்து இடிக்கிற கம்பு மாவு அரிசி மாவைவிட நறநறக்கும், சோளக்களி தொண்டையில் சற்று உராயும் என்று பதில் சொல்லலாம். உண்மை. வரகின் உமி கெட்டியானது, அதைப் போக்க உரலிலும் திருகையிலும் பெண்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. ஆனால் அந்த வாதப்படி பார்த்தால் தீட்டாத அரிசியும் ‘கோர்ஸ்’ ஆகியிருக்க வேண்டும். உலகத் தானிய வணிகம் அரிசியையும் கோதுமையையும் வெளியே நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம், மக்காச்சோளம், பார்லி, ஓட்ஸ் உட்பட, இந்தப் பெயரில் மொத்தமாகக் கட்டியது. கம்பும் மக்காச்சோளமும் தொட்டால் ஒன்றுபோல் இருக்கும் என்பதற்காக அல்ல. இரண்டும் ஏழைக்கும் கால்நடைக்கும் போகிறவை என்பதற்காக. சாமுவேல் ஜான்சன் தன் 1755ஆம் ஆண்டு அகராதியில் ஓட்ஸுக்குத் தந்த விளக்கம் பிரசித்தம்: இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர்கள் உண்பது என்று. அதே ஓட்ஸ் இன்று நம் நகரங்களில் பணக்காரக் காலையுணவு. கரிசலில் கம்பு நின்ற காட்டில் இப்போது கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் நிற்கிறது.

சட்டத்திலேயே இந்தப் படிக்கட்டு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசிக்குக் கிலோ 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், ‘கோர்ஸ் கிரெய்ன்ஸ்’ 1 ரூபாய் என்று விலை வைத்தது. மூன்று, இரண்டு, ஒன்று. விலை குறைவாக வைத்தது ஏழைக்கு உதவத்தான். ஆனாலும் இறங்கு வரிசையின் கடைசிப் படியில் எது நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி முதல் இந்தச் சட்டத்தின் கீழ் மூன்றுமே இலவசம். படிக்கட்டு விலையில் இல்லை, பெயரில் மிச்சமிருக்கிறது.

பெயரையும் மாற்றினார்களே என்பீர்கள். மாற்றினார்கள். 2018 ஏப்ரலில் மத்திய அரசு கம்பு, சோளம், கேழ்வரகு, குறுந்தானியங்கள் ஆகியவற்றை ‘நியூட்ரி சீரியல்ஸ்’, அதாவது சத்துத் தானியங்கள், என்று அறிவிக்கை செய்தது. 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே வருட பட்ஜெட் உரையில் இவற்றுக்கு ‘ஸ்ரீ அன்ன’ என்று பெயர் வந்தது. முரடு, சத்து, ஸ்ரீ. ஐந்தே வருடத்தில் இத்தனை பதவி உயர்வு எந்தத் தானியத்துக்கும் கிடைத்ததில்லை. இந்த ஐந்து வருடத்தில் கம்பு மாறவில்லை. அதன் சத்து நேற்றும் இருந்தது. தின்கிறவர் மாறினார். சர்க்கரை நோய்க்கு அஞ்சுகிற நகரத்து நடுத்தர வர்க்கம் கம்பைக் கையிலெடுத்தது, கம்பின் அடைமொழி மாறியது. கம்மங்கஞ்சி குடித்தவருக்கு அந்த மரியாதை முன்தேதியிட்டுக் கிடைக்கப்போவதில்லை. ‘கம்மங்கஞ்சி குடிச்ச பய’ என்று ஏச்சு வாங்கிய தலைமுறை அந்த ஏச்சோடுதான் போய்ச் சேர்ந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. செயற்பாட்டாளர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்ட கரிசல் வீடுகள் அரிசிக்கு ஆசைப்பட்டதை அறியாமை என்றோ மோகம் என்றோ சொல்லும் துண்டறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆசை மரியாதைக்கான ஆசை. பெரிய வீட்டில் என்ன வேகிறதோ அது என் வீட்டிலும் வேக வேண்டும் என்கிற கோரிக்கை. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி ஒரு அரசியலாக ஆனதற்கு இதுவும் காரணம். ஆனால் கம்பிலிருந்து அரிசிக்கு ஏறியவர் அங்கே கண்டது என்ன? அரிசிக்குள்ளேயே மோட்டா, சன்னம் என்று புதிதாய் ஒரு படிக்கட்டு. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அது இலவசம், ஆனால் ‘ரேஷன் அரிசியா?’ என்று கேட்கும் குரலில் பழைய கம்மங்கஞ்சி ஏச்சு அப்படியே இருக்கிறது. முன்பு அரிசியையும் ‘கோர்ஸ்’, ‘ஃபைன்’, ‘சூப்பர் ஃபைன்’ என்று பிரித்தார்கள். இப்போது நெல் கொள்முதலில் ‘கிரேடு ஏ’ என்றும் ‘காமன்’ என்றும் இரண்டு வகுப்பு, தமிழில் சன்ன ரகம், பொது ரகம். ‘காமன்’ என்றால் சாதாரணமானது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ‘கோர்ஸ்’ என்ற சொல்லின் பொருளும் அதுவேதான். சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

6

ஆங்கிலம் குற்றவாளி, தமிழ் நிரபராதி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நம் மொழியில் இரண்டும் இருக்கின்றன.

நம் இலக்கண உரைகள் ஊறு எட்டு என்று எண்ணுகின்றன. தொடுபுலன் அறிகிற எட்டுக் குணங்கள். வன்மை, மென்மை, வெம்மை, தண்மை இவற்றோடு இழுமெனலும் சருச்சரையும் வருகின்றன. இழுமெனல் வழுவழுப்பு, சருச்சரை சொரசொரப்பு. எட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன, ஒன்றின் கீழ் ஒன்றாக அல்ல. தண்மை உயர்ந்தது, வெம்மை தாழ்ந்தது என்று இல்லை. எழுத்துக்களையே வல்லினம், மெல்லினம், இடையினம் என்று தொடுகைச் சொல்லால் பிரித்த மொழி இது. வல்லினம் கொச்சையானது என்று எந்த இலக்கணியும் சொல்லவில்லை. தொல்காப்பியம் வல்லிசை வண்ணத்தையும் மெல்லிசை வண்ணத்தையும் இருபது வண்ணங்களில் அடுத்தடுத்துச் சொல்லிப் போகிறது. எண்வகை வனப்பில் ‘புலன்’ என்று ஒன்று உண்டு. சேரிமொழி என்ற பாடத்தை எடுத்துக்கொண்டால், தேடிப் பொருள் காண வேண்டாத மக்கள் பேச்சில் செவ்விதாக அமைவது அது. மக்கள் பேச்சு அங்கே குறையல்ல, வனப்பு.

அதே தமிழ்தான் வழக்கு என்றால் உயர்ந்தோர் வழக்கு என்றும் வரையறுத்தது. இழிசினர் வழக்கு என்று ஒன்றை வெளியே தள்ளி வைத்தது. சேரி என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். கி.பி. 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டில் பிராமண ஊரின் பகுதிகளுக்கே சேரி என்று பெயர். குடியிருப்பு என்பதே அதன் பொருள். இன்று அந்தச் சொல் யாரைச் சுட்டுகிறது, எந்தத் தொனியில் சுட்டுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘கோர்ஸ்’ போன பாதையில்தான் ‘சேரி’யும் போனது. பொதுவாக இருந்தது கீழாக ஆயிற்று. நன்செய், புன்செய் என்பதில் ‘புன்’ என்றால் இழிவானது. கரிசல் காடு முழுவதையும் அந்த அடைமொழியோடுதான் பட்டாவில் எழுதி வைத்திருக்கிறோம். எனவே ‘புஞ்சைத் தானியம்’ என்று மொழிபெயர்த்தாலும் தப்பித்துவிட முடியாது.

ஆனால் எதிர்த்திசையில் போன ஒரு சொல்லையும் இந்தக் காட்டிலேயே பார்க்கிறேன்: சுணை. பேச்சில் சொணை. கம்பந்தட்டையிலும் வைக்கோலிலும் மூங்கிலிலும் இருக்கிற, தொட்டால் அரிக்கிற நுண்ணிய முள்மயிர். அறுப்புக்குப் போய் வந்தவர் கழுத்தெல்லாம் சொணை. தொந்தரவுதான். அந்தச் சொல்லை மனிதனுக்கு ஏற்றியபோது நம் மக்கள் என்ன செய்தார்கள்? ‘சுணைகெட்டவன்’ என்றால் ரோஷம் இல்லாதவன். சுணை இருக்கிறவன் மானம் உள்ளவன். (சொரணை வேறு சொல், அதோடு இதைக் குழப்ப வேண்டாம்.) ஒரு சொரசொரப்பு, தொட்டவன் கையை உறுத்துகிற சக்தி, சுயமரியாதையின் பெயராக ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் உடுத்தியவரின் தாழ்வு துணிக்கு ஏறியது. இங்கே செடியின் உறுத்தல் மனிதனுக்கு மானமாக ஏறியது. இரண்டும் உருவகங்கள்தாம். யார் தொடுகிறார், யார் தொடப்படுகிறார், எந்தப் பக்கத்திலிருந்து பெயர் வைக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

7

இது எழுதுகிறவர்களுக்கு ஏன் தேவை? நம் இலக்கியப் பேச்சில் ‘கோர்ஸ்’ வேறு வேஷத்தில் வந்துகொண்டிருக்கிறது. கரிசல் எழுத்து, தலித் எழுத்து என்றால் மதிப்புரையில் சில சொற்கள் தயாராக நிற்கும்: கரடுமுரடான மொழி, பச்சையான பேச்சு, மண்வாசனை. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பாராட்டுக்குள் ஒரு ஒப்பீடு ஒளிந்திருக்கிறது. எதைவிடக் கரடு? எந்த மொழி வழவழப்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பிறகுதான் இன்னொன்று கரடுமுரடு ஆக முடியும். அக்ரஹாரத்துப் பேச்சில் எழுதப்பட்ட நாவலுக்கு யாரும் ‘மண்வாசனை’ என்று போடுவதில்லை. அங்கே மண் இல்லையா? ரசனை என்பது தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்ள மேல்தட்டு பயன்படுத்தும் கருவி என்று போர்தியு 1979இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். கீழ்த்தட்டின் முரட்டைப் புகழ்வதும் அதே கருவியின் இன்னொரு முனை. சத்துத் தானியமான கம்பின் கதையும் கரடுமுரடான எழுத்தின் கதையும் ஒன்றுதான். புதிய நுகர்வோர் வந்தபின் கிடைத்த மரியாதை.

இதற்கு எதிரான வேலைகள் நடக்காமல் இல்லை. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது, கொச்சை என்று ஒதுக்கப்பட்டதை அகர வரிசையில் நிறுத்தினார். அகர வரிசைக்கு மேல் கீழ் கிடையாது, முன் பின் மட்டும்தான். பாமா 1992இல் தன் நூலுக்குக் ‘கருக்கு’ என்று பெயர் வைத்தார். பனைமட்டையின் விளிம்பில் இருக்கிற அரம்போன்ற பல் வரிசை. பிடித்தவன் கையை அறுப்பது. 2000இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோதும் தலைப்பு ‘கருக்கு’ என்றே இருந்தது. எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. ‘கோர்ஸ்’, ‘ரஃப்’ என்று எந்தப் பெயரடையைக் கொண்டு அதை ஈடுசெய்திருந்தாலும், அறுக்கிற பொருள் போய், அறுபட்டவன் சொல்லும் குறை மட்டும் மிஞ்சியிருக்கும்.

தோழரின் துண்டறிக்கைக்கு நான் கண்ட வழி இதுதான். ‘கோர்ஸ்’ வருகிற ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது கைக்குத் தெரிகிற குணமா? தெரியுமானால் அந்தத் தொழிலில் அதற்கு என்ன சொல் இருக்கிறதோ அதைப் போடலாம்: கல்லுப்பு, காடா, மோட்டா, குருணை, ரவை. கைக்குத் தெரியாது, பட்டியலில் மட்டும் இருக்கிற வகுப்பு என்றால், அந்த வகுப்பை உருவாக்கிய காரணத்தைச் சொல்லலாம். கம்பையும் சோளத்தையும் தினையையும் உண்மையில் சேர்த்துக் கட்டுவது முரடு அல்ல, மழை. ஆகவே ‘மானாவாரித் தவசம்’. தவசம் எங்கள் பக்கத்துச் சொல். மூன்றாவது, அது வெறும் ஏச்சு என்றால், ஏசியவர் பெயரோடு மொழிபெயர்க்க வேண்டும். ‘கோர்ஸ் லாங்வேஜ்’ என்பதைக் ‘கொச்சை மொழி’ என்று எழுதாமல், ‘அதிகாரிகள் கொச்சை என்று குறித்த மொழி’ என்று எழுதினால் மூன்று வார்த்தை கூடும். கூடட்டும்.

இதோடு செய்ய வேண்டிய இன்னொரு காரியம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசிலும் தறியிலும் அடுப்படியிலும் களத்திலும் கைக்குத் தெரிந்த சொற்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மிக்ஸியும் ரைஸ்மில்லும் வந்தபின் சில பதங்கள் போய்விட்டன. உரல் போனதும் ‘ஒண்ணு ரெண்டா’ என்பதன் அளவு இளையவர்களுக்குத் தெரிவதில்லை. அவரவர் ஊரில் எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களை, யார் வாயிலிருந்து, எந்த வேலையின் நடுவில் கேட்டது என்ற குறிப்போடு எழுதி வைக்க வேண்டும். நறநற, நெறுநெறு, மொரமொர, பரபர என்று ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. இருபதாம் நம்பர் நூல், நாற்பதாம் நம்பர் நூல் மாதிரி. எதற்கு எது ஆகும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.